பட்டம்மாள் காத்திருக்கும் படம்

"வெயில் எறங்கிக்கினு இருக்குது பிரவீனா, நான் இன்னா பண்ண—"

"எறங்கட்டும்பா, அதான் எனக்கு வேணும்—"

"—இன்னா வேணும்? அந்தம்மா போன் வேற விடாம அடிக்குது, எடுத்துப் பேசேன்—"

"—லோன் கம்பெனிக்காரன் எவனாச்சும் இருப்பான். நீ ஃபோகஸைப் பாரு."

வெளிச்சத்துக்காக நானும் பிரேம்நாத்தும் இப்படித்தான் முட்டிக்கொள்வோம், சார். அவர் கேமராமேன், நான் டைரக்டர். இதெல்லாம் சகஜம். ஆனால் அன்றைக்கு அடித்தது கம்பெனிக்காரன் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

சின்னப் படம். மௌனப் படம். வசனம் கிடையாது, இசைகூடக் கிடையாது. ஒரு ருஷ்யக் கவிதையைத் தமிழில் படித்ததிலிருந்து மண்டைக்குள் உட்கார்ந்துகொண்ட விஷயம். வெளியே பனி கொட்டுகிறது, ஒரு தாய் நூல் சுற்றியபடி மகனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் வந்தானா என்று கவிதை சொல்வதே இல்லை. காஞ்சிபுரத்தில் பனிக்கு நான் எங்கே போவேன்? சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீட்டை வாடகைக்குப் பிடித்து, சாயம் ஏற்றாத வெள்ளைப் பட்டு நூலைப் பாவாக, நீளவாக்கு இழைகளாக, கூடம் நெடுக விரித்தேன். அப்படியே பனிதான். அதன் முன்னால் உட்கார ஒரு முகம் வேண்டியிருந்தது.

பட்டம்மாள் ஓரிக்கையிலிருந்து வந்தார். தறியில் தீர்ந்துபோன பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பது அவருக்குத் தொழில். நடிப்பு தெரியாது. நல்லதாகப் போயிற்று. விரல் வேலை செய்துகொண்டிருக்கும், முகம் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற முகத்தில் என்ன வேண்டுமானாலும் வரவழைக்கலாம்.

மௌனப் படத்தில் ஒரு வசதி உண்டு. கேமரா ஓடும்போதே டைரக்டர் பேசலாம். முதல் நாள் நான் கேமராவுக்குப் பின்னால் நின்று, "அம்மா, ஜோசுவாவைக் காணோமாம்" என்றேன். ஜோசுவா அவருடைய ஒரே பிள்ளை, கம்பெனி வேன் ஓட்டுகிறவன். பட்டம்மாள் பதறி எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா சொல்ற? எங்க போனான்?"

"படத்துக்கும்மா. சும்மா சொன்னேன்."

"அடிப்பாவி, உசுரே போயிடுச்சு. வேற பேரு கெடைக்கலியா உனக்கு?"

வேறு பேரும் வைத்துப் பார்த்தேன். "பழனி காணாம போனா அவன் பொண்டாட்டி தேடட்டும், எனக்கு இன்னா வந்துச்சு" என்றார். முகம் அசையவே இல்லை. அதனால் ஜோசுவாவே இருக்கட்டும் என்று விட்டேன். அப்புறம் அவருக்கும் பழகிவிட்டது. ஜோசுவாவுக்குக் காய்ச்சல் என்பேன், ஜோசுவாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டது என்பேன், கண் கலங்கும். ஷாட் முடிந்தால் சிரிப்பார். காலையில் வந்ததும் முதல் பேச்சே, "இன்னிக்கு எம்புள்ளைய இன்னா பண்ணப் போறம்மா?" என்பதுதான்.

படப்பிடிப்பில் எல்லோருடைய போனும் என் பையில் இருக்கும். கடைசி நாள் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டம்மாளின் போன் அடித்தது. வாசலுக்குப் போய் எடுத்தேன். ஜோசுவாவின் கூட்டாளி குரு. தாமல் பக்கம் வேனில் லாரி மோதிவிட்டது. ஜோசுவா ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நினைவு இருக்கிறது, அம்மாவைக் கேட்கிறான்.

"சீக்கிரம் அனுப்புங்கக்கா. டாக்டர் எதுவும் புடி குடுக்காம பேசறாரு."

"கெளம்பிட்டாங்க தம்பி" என்றேன்.

ஆட்டோவில் கால் மணி நேரத்தில் போய்விடலாம். மறுக்கவில்லை. ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். பாவு சேர்க்க உட்கார்ந்துவிட்டால் யார் வந்தாலும் தன்னை எழுப்பக்கூடாது என்று பட்டம்மாளே சொல்லியிருந்தார். நடுவில் விட்டால் இழை கலைந்து, செய்த வேலை பாழாகிவிடுமாம். மறுநாள் வீட்டையும் காலி செய்தாகவேண்டும். அந்தச் சாயங்கால வெளிச்சம் எனக்கு இன்னொரு தடவை கிடைக்காது.

"அம்மா, ஜோசுவா வந்துக்கினு இருக்கான்" என்றேன். பட்டம்மாள் விரலை நிறுத்தாமல் வாசலைப் பார்த்தார். அந்தப் பார்வைதான், சார், படம். முதல் டேக்கே நன்றாக வந்துவிட்டது, அதையும் ஒளிக்கவில்லை. மனசு கேட்காமல் இன்னொன்று எடுத்தேன்.

குரு மறுபடி கூப்பிட்டான்.

"எங்கக்கா வந்துக்கினு இருக்காங்க? அவன் கண்ணு கதவாண்டயே இருக்குது."

"ஆட்டோ ஏறிட்டாங்கன்னு சொல்லுப்பா."

அதைக் கேட்டு அந்தப் பையனுக்கு ஆறுதலாகத்தானே இருந்திருக்கும். அவன் அங்கே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான், இவர் இங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கவிதையிலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது.

பிரேம்நாத்தோடு சண்டை அதற்கப்புறம் வந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். சண்டை ஓய்ந்ததும் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். குரு பேசவில்லை, அழுதான். போனைப் பையில் போட்டுவிட்டு உள்ளே வந்து, கேமராவை அம்மாவின் முகத்துக்குக் கிட்டே வைக்கச் சொன்னேன். பாவில் இன்னும் ஒரு சாண் அகலம் பாக்கி இருந்தது.

பெற்ற தாயிடமிருந்தே விஷயத்தை நான் மறைத்ததாகக் குரு புகாரில் எழுதியிருக்கிறானாம். அது மட்டும் தப்பு. நான் சொன்னேன். கேமராவுக்குப் பின்னால் நின்றபடிதான், ஆனால் சுற்றி வளைக்காமல் தெளிவாகச் சொன்னேன்.

"அம்மா, ஜோசுவா செத்துட்டான்."

விரல்கள் நின்றன. வாய் மெல்லத் திறந்தது. கண்ணீர் வடிய, அந்த வெள்ளை இழைகளின் மேல் நெற்றியைச் சாய்த்தார். வெளிச்சம் தீரும்வரை நான் நிறுத்தச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னவள் நான், நம்பாமல் போனது அவர். அதற்கு என்னைக் குற்றம் சொன்னால் எப்படி?

"கட்" என்றேன். பட்டம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"செரியா வந்துச்சாம்மா? இல்ல, இன்னொரு வாட்டி அழட்டுமா?"