மீட்டர் பெட்டிய அப்புறம் பாக்கலாம்

ஒன்பது நாள் தம்பி, ஒன்பது நாள்! ஒன்பது நாளா ஒரு ஆள் எட்டிப் பாக்கலன்னா அது என்ன மின்சார ஆபீஸு? உங்களச் சொல்லல. நீங்க பாவம், இவ்ளோ பெரிய பையத் தூக்கிக்கிட்டு வெயில்ல வந்து நிக்கறீங்க. உள்ள வாங்க, உள்ள வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேணாம், வீடு பூரா சாம்பல்தான். காட்டுத்தீ அணைஞ்சு ஒரு மாசம் ஆகப் போவுது, இன்னும் ஜன்னலத் தொடச்சா துணி கறுக்குது. பாத்து... பாத்து... கால அங்க வெக்காதீங்க! அது டீச்சரோட ஒயர். இது தையல்காரம்மாவோடது. அந்த மஞ்ச ஒயர் யாரோடதுன்னு எனக்கே தெரியாது, முந்தாநேத்துலேர்ந்து கெடக்கு.

என்ன அப்படிப் பாக்கறீங்க? பதினாறு ஃபோன். நானே எண்ணிட்டேன். பத்து வீடு இருக்கற தெருவுல பதினாறு ஃபோன்! எல்லாம் என் தலையெழுத்து. மலைப்பக்கத்துலேர்ந்து வந்த தீ தெருமுனை மரத்தையெல்லாம் தின்னுட்டு, காத்து திரும்புனதால எங்கள விட்டுட்டுப் போயிடுச்சு. வீடு தப்பிச்சுது. ஆனா சூட்டுல ஒயர் வெந்திருக்கும், சுவிட்சுக்குள்ள சாம்பல் பூந்திருக்கும், ஒவ்வொரு வீடா சோதன பண்ணாம கரண்ட் விட மாட்டோம்னுட்டீங்க. நல்ல விஷயம்தான், யாரு வேணாங்கறா? முதல் வீடு என் வீடு. உங்க ஆளு ஒருத்தர் வந்தாரு, கண்ணாடி போட்டவரு. பாத்தாரு, கதவுல பச்ச ஸ்டிக்கர் ஒட்டுனாரு, கரண்ட் விட்டாரு, போனாரு. போனவரு போனவருதான்! மிச்ச ஒன்பது வீடும் இருட்டு, ஒன்பது வீட்டு ஃபோனும் என் கூடத்துல.

என்னது? ஃபார்மா? எந்த ஃபார்ம்?

ஓ... அந்த ஃபார்ம். ஆமா, குடுத்தாரு. குடுத்தாருன்னுதான் நெனக்கறேன். எந்தெந்த வீட்ல யாரு எப்ப இருப்பாங்கன்னு எழுதி, கையெழுத்து வாங்கி ஆபீஸ்ல சேத்துடுங்க, நீங்கதான் நாள் பூரா சும்மா இருக்கீங்களேன்னு சொன்னாரு. சும்மா இருக்கேனாம்! அது... வந்து சேரலயா உங்களுக்கு? அடடா. காகிதம்னா எங்கயாவது மாட்டிக்கும் தம்பி. பீரோவுக்குப் பின்னால தேடிப் பாத்தீங்களா? சரி விடுங்க. மீட்டர் பெட்டியா? அது வெளிச்சுவத்துல இருக்கு, அத அப்புறம் பாக்கலாம். அதுல என்ன இருக்கப் போவுது, மீட்டர்தான் இருக்கும். முதல்ல கூடத்தப் பாருங்க, நான் படற பாட்டப் பாருங்க.

காலையில ஆறு மணிக்கெல்லாம் டீச்சர் வந்துடுவாங்க. எதுர் வீடு. கைல ரெண்டு ஃபோன், டார்ச் லைட்டு, பல்லு வெளக்கற மிஷின்... சரி, சார்ஜ் ஏறட்டும். கூடவே அயர்ன் பாக்ஸ்! டீச்சர், அயர்ன் பாக்ஸுக்கும் சார்ஜ் ஏத்தறாங்களான்னு கேட்டேன். ஏழு மணி வரைக்கும் தேச்சுட்டு, மடிச்சு எடுத்துக்கிட்டுப் போனாங்க. அப்புறம் தையல்காரம்மா. அவங்க தையல் மிஷினையே தூக்கிட்டு வந்துட்டாங்க, மோட்டாரோட. இதோ இங்கதான், என் நாற்காலி இருந்த எடத்துல. எட்டு மணிக்கு டர்ர்ர்னு ஆரம்பிச்சா என் பேச்சு எனக்கே கேக்காது. அதுக்கப்புறம் கொட்டாவி. பேரு இல்ல தம்பி, நாங்க வெச்சது. அவன் வாயத் தொறந்தா நமக்கும் தொறந்துக்கும். கூரியர் கம்பெனியில வேல பாக்கறான், ஒரே ஆளுக்கு மூணு ஃபோன். எதுக்குடா மூணுன்னா, ஒண்ணு காணாமப் போனா இன்னொண்ணுலேர்ந்து கூப்புட்டுத் தேடறதுக்காம். சரி, மூணாவது? ரெண்டும் காணாமப் போனா!

ஃப்ரிட்ஜப் பாக்காதீங்க. தெருவே அதுக்குள்ள குடியிருக்கு. ஒவ்வொரு பால் பாக்கெட்டு மேலயும் அவங்கவங்க வீட்டு நம்பர் எழுதியிருக்கும். என் பால வெக்க எடமில்லாம நான் கறுப்பு டீ குடிக்கறேன், என் வீட்ல! அப்புறம் அந்தப் புதுசா கல்யாணம் ஆனதுங்க ரெண்டு. ஒரே ஒரு ஃபோனு. அதுக்கு ரெண்டு பேரும் வந்து, ஜோடியா இந்த சோபாவுல ஒக்காந்து, சார்ஜ் ஏறுதான்னு அதையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் அவங்களையே பாத்துக்கிட்டு இருப்பேன். ஏறவே மாட்டேங்குதே அங்கிள், ஒரு மணி நேரமா நாப்பதுலயே நிக்குதேன்னு அந்தப் பொண்ணு கேக்கும். கரண்ட் சரியில்லம்மான்னு சொல்லுவேன்.

சுவிட்ச அணைச்சிருந்தா எப்படி ஏறும்?

யாரு அணைச்சதுன்னா கேக்கறீங்க? ஆமா, நான்தான் அணைப்பேன். எப்பவும் இல்ல தம்பி! அவங்க கெளம்பற மாதிரி தெரிஞ்சா மட்டும். சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா எனக்கும் சிரிப்பு வந்துடும், அப்புறம் ரெண்டு பேருக்கும் வேல ஓடாது.

உங்களுக்கு எப்படிப் புரிய வெக்கறது... நான் லிஃப்டுல வேல பாத்தவன். இருபத்தெட்டு வருஷம், ஒன்பது மாடிக் கட்டடம், ஸ்டூல் போட்டு ஒக்காந்து பட்டன் அமுக்கற வேல. நாளைக்கு ஐநூறு பேர் ஏறுவாங்க. நல்லாத்தான் பேசுவாங்க. ஆனா நான் வாயத் தொறந்து ரெண்டு வார்த்த சொல்றதுக்குள்ள ரெண்டாவது மாடி வந்துடும், டிங்குனு கதவு தொறக்கும், போயிடுவாங்க. இருபத்தெட்டு வருஷத்துல ஒரு கதைய நான் முழுசாச் சொன்னதில்ல தம்பி. ஒண்ணு கூட! ஒன்பதாவது மாடிக்குப் போறவன் எவனாவது வர மாட்டானான்னு ஏங்கியிருக்கேன். வருவான், காதுல ஒயர மாட்டிக்கிட்டு.

வீட்டுக்கு வந்தா இங்கயும் அதே கததான். கல்யாணம் பண்ணிக்கல. பத்து வீடு, பத்து கதவு, பத்து தாழ்ப்பாள். தீ வந்த அன்னைக்குப் பட்டப்பகல்ல வானம் கறுத்துப் போச்சு, எல்லாரையும் ஒரே லாரியில ஏத்துனாங்க. என் மடியில தையல் மிஷினு, என் முதுகுல டீச்சர், என் கால் மேல கொட்டாவி. பயத்துல ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தோம். அந்த ஸ்கூல் ஹாலுல தங்கியிருந்த நாலு நாளும் என்னமாப் பேசுனாங்க தெரியுமா! திரும்பி வந்தாங்க, வீடு இருக்குன்னு அழுதாங்க, உள்ள போனாங்க, தாழ்ப்பாள் போட்டாங்க. எனக்கு அன்னைக்குத்தான் அழுகை வந்துச்சு.

என்ன மோந்து பாக்கறீங்க? அது காட்டுத்தீ வாசன தம்பி. திரைச்சீலையில ஏறிக்கிச்சு, ரெண்டு தரம் தொவச்சும் போகல. பிளாஸ்டிக் வாசனயா? அப்படியா சொல்றீங்க?

இருங்க, அந்த ப்ளக்க இப்பப் புடுங்காதீங்க, அது கொட்டாவியோட ரெண்டாவது ஃபோன், இப்பத்தான் பத்துக்கு வந்துச்சு. கழட்டிட்டீங்களா... சரி. அட, ப்ளக் பாயிண்டு பழுப்பா இருக்கே. வாங்கறப்ப வெள்ளையாத்தான் இருந்துச்சு. ஒரு பாயிண்ட்லேர்ந்து எத்தன இழுத்திருக்கேன்னா... ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டேன், பத்தல. அந்தப் பெட்டியில இன்னொரு பெட்டியச் சொருகுனேன். அதுல இன்னொண்ணு. வர்றவங்கள வேணாம்னு எப்படி அனுப்பறது, நீங்களே சொல்லுங்க? எல்லாரும் ஒக்காந்திருக்காங்க, ஃபோன் நூறு ஆகாம எழுந்திருக்க முடியாது! முதல் நாள் எல்லாரும் இப்படி ஒக்காந்திருந்தப்பத்தான், என் லிஃப்டுல நடந்த ஒரு அண்ணன் தம்பி கதைய எடுத்தேன். பேச்சுவார்த்த இல்லாத அண்ணனும் தம்பியும் தெரியாம ஒரே லிஃப்டுல ஏறி, மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாங்க, என்னோட. முக்கா மணி நேரம். முதல்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க, அப்புறம் திட்டிக்கிட்டாங்க, அப்புறம் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சுக்கிட்டு ஒரே அழுகை. நானும் அழுதேன். கதவு தொறந்துச்சு. நீ முதல்ல எறங்குண்ணேங்கறான் தம்பி. நீ எறங்குடாங்கறான் அண்ணன். இல்லண்ணே நீதான் பெரியவன், இல்லடா நீதான் சின்னவன்... கதவு மூடிக்கிச்சு! மறுபடியும் நடுவுல போய் நின்னுடுச்சு! இன்னொரு முக்கா மணி நேரம், அதுல மறுபடியும் சண்ட!

சிரிக்கறீங்க பாருங்க! அன்னைக்கும் இப்படித்தான், தையல்காரம்மா மிஷின நிறுத்திட்டுச் சிரிச்சாங்க. அந்தக் கொட்டாவி இருக்கான் பாருங்க, அவன் வாயத் தொறந்தான். சரி, கொட்டாவிதான் விடப் போறான்னு நெனச்சேன். அப்புறம்ங்கறான். அப்புறம்னு கேட்டான் தம்பி! என்னப் பாத்து! அடுத்த நாள்லேர்ந்து நான் தூங்கறதுக்கு முன்னாடி நாளைக்கு என்ன சொல்லலாம்னு குறிப்பெடுத்து வெச்சுக்கறேன்.

எங்க போறீங்க? வெளியவா? மீட்டர் பெட்டியா? வேணாம் தம்பி, அங்க... அங்க எலி இருக்கு. காட்டுலேர்ந்து தப்பிச்சு வந்த எலி. கடிக்கும். தண்ணி குடிக்கறீங்களா? ஒக்காருங்களேன், உங்க ஃபோன்ல எவ்ளோ சார்ஜ் இருக்கு? தம்பி, சொன்னாக் கேளுங்க, அந்தக் கதவு சரியாத் தொறக்காது, துருப்புடிச்சு...

தொறந்துடுச்சா.

ம். அதுதான். அதேதான் அந்த ஃபார்ம்.

நாலா மடிச்சு நான்தான் உள்ள சொருகி வெச்சேன். வீட்டுக்குள்ள எங்க வெச்சாலும் எவனாவது சார்ஜர் தேடறேன்னு எடுத்துடுவான். இந்தப் பெட்டிய மட்டும் யாரும் தொறக்க மாட்டாங்கன்னு வெச்சேன். இத தொறக்கறதுக்குன்னே ஒருத்தர் ஆபீஸ்லேர்ந்து வருவாருங்கறது என் மண்டைக்கு ஒறைக்கவே இல்ல தம்பி! சிரிங்க, இப்ப நல்லாச் சிரிங்க. ஆபீஸச் சும்மா திட்டிட்டேன், அதுக்கும் மன்னிச்சுடுங்க. எத்தன தரம் குடுக்கணும்னு கெளம்புனேன் தெரியுமா? செருப்புப் போடுவேன். அப்ப யாராவது வந்து அங்கிள் ஒரு பாயிண்ட் இருக்கான்னு கேப்பாங்க. நாளைக்குக் குடுத்துக்கலாம், இன்னைக்குக் கத பாதியில நிக்குதேன்னு...

என்ன காட்டறீங்க? ஓரமா? ஓரம் ஏன் இப்படி...

கருகியிருக்கு.

காகிதம் கருகியிருக்கா? இந்த ஒயர் பட்டா? நான் இழுத்த இழுப்புல இது சூடாகி... இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா? தம்பி! அவ்ளோ பெரிய தீ. மலையவே தின்னுட்டு வந்த தீ இந்தத் தெருவ விட்டு வெச்சுது. நான் ஒரு காகிதத்தச் சொருகி அதக் கொளுத்தப் பாத்தேனா? கூடத்துல அந்தப் புள்ளைங்க ஒக்காந்திருக்க, கத சொல்லிக்கிட்டு! அணைங்க. மெயின அணைங்க, யோசிக்காதீங்க. எல்லா ஒயரையும் நானே புடுங்கறேன். செவப்பு ஸ்டிக்கரா, ஒட்டுங்க, ரெண்டா ஒட்டுங்க.

டீச்சர் வர்றாங்க. காலையில உங்க ஆபீஸுக்கு வந்து சத்தம் போட்டு உங்கள வர வெச்சது இவங்கதானே? நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, நானே சொல்லிடறேன். என் வாயாலயே சொல்லிடறேன். டீச்சர்! இந்த ஃபார்ம் இருக்கு பாருங்க, இதுல நீங்கெல்லாம் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா எட்டு நாளைக்கு முன்னாடியே எல்லா வீட்லயும் வெளக்கு எரிஞ்சிருக்கும். நான் மறைச்சு வெச்சுட்டேன். ஆமா, நான்தான். வேணும்னேதான். இல்ல, மறக்கல. கத சொல்றதுக்கு... ஆமா டீச்சர். திட்டுங்க. நியாயம்தான். அதுவும் நியாயம். அந்த வார்த்த கொஞ்சம் அதிகம், ஆனா நியாயம். தையல்காரம்மா, வாசல்ல நின்னு நீங்களும் கேட்டுட்டீங்களா? நீங்களும் திட்டுங்க, வரிசையா வாங்க. ஏய் கொட்டாவி, நீயும் வந்துட்டியா, ஏன்டா சிரிக்கற? தம்பி, இவன் என்னப் பாத்து விழுந்து விழுந்து சிரிக்கறான். டீச்சரும் திட்டிக்கிட்டே... அது சிரிப்புதானே? முதுகத் திருப்பிக்கிட்டாங்க, ஆனா தோள் குலுங்குது பாருங்க!

கையெழுத்துப் போடுங்க, எல்லாரும் போடுங்க. ஓரத்துல போடாதீங்க, உதிரும். முதல்ல யாரு வீட்டுக்குப் போறீங்க தம்பி? டீச்சர் வீட்டுக்கா, போங்க போங்க, நல்லாப் பாருங்க, சுவிட்சுக்குள்ளல்லாம் சாம்பலத் தட்டி எடுங்க. அவங்க வீட்டுக்குச் சாயங்காலமே கரண்ட் வந்துடுமா? ரொம்ப சந்தோஷம். எனக்கு? ஒயர் பூரா மாத்தணுமா? எத்தன நாள் ஆகும்?

ரெண்டு வாரமா! ரெண்டு வாரம் என் வீட்ல கரண்டே இருக்காதா?

டீச்சர்! இருங்க டீச்சர், கதவச் சாத்திடாதீங்க, நான் வர்றேன்! என்கிட்டயும் ஒரு ஃபோன் இருக்கு. ரொம்பப் பழசு டீச்சர், மெதுவாத்தான் ஏறும். ஒரு அஞ்சு மணி நேரம் போட்டு வெச்சாப் போதும்... நான் பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்கறேன்.