அலுமாரிக்குக் கீழே விரதம்

ஐந்தாம் வகுப்போடு நின்று, தனியாளாய் இரண்டு கடை கட்டியவன் நான். பூனை பிடிக்க எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை, கோப்பாயில் ஏறிய இருவர் பஸ்ஸில் கதைத்ததைக் காது கொடுத்துக் கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை எண்டு பூனைக்கும் பருப்புச் சோறோ, மாஸ்டர்?”

கேட்டவர் கொழும்புத்துறை மீன்பிடிக்காரர். வலையை அரிக்கும் எலிகளுக்காகப் பூனை வாங்க வந்து, வெறும் சாக்கோடு திரும்புகிறார். பக்கத்தில் இருந்தவர், காட்டுப்பூனை மாதிரி ஒன்று புகுந்துவிட்ட வீட்டுக்கார வாத்தியார்.

“வெள்ளியிலை எங்கடை வீட்டிலை மீன் மச்சம் ஒண்டும் இல்லை. நெய் விட்டுத்தான் வைச்சனான்.”

“அது விரதம் பிடிக்கவோ வந்தது? நாய் கலைச்சுத்தானே ஓடிவந்தது. பிறகு?”

“நாலு பேர் விளக்குமாத்தோடை வளைச்சம். அலுமாரிக்குக் கீழை போனது வரேல்லை.”

“அந்த வரவேற்புக்கு நானும் வரமாட்டன். சன்னலைச் சாத்துங்கோ. பெட்டியொண்டைச் சரிச்சு, மேலை சாக்கைப் போட்டு, உள்ளுக்கை கருவாடு வையுங்கோ. எல்லாரும் வெளியாலை போங்கோ. பயம் தெளிஞ்சால் தானாப் பெட்டிக்குள்ளை போய் இருக்கும், மெல்லமா மூடி எனக்குத் தாங்கோ. இன்னும் ஒரு கிழமை போனால் எனக்கு வலை மிஞ்சாது.”

சட்டைப்பையிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். வாத்தியார் பதறினார்.

“ஐயோ, இண்டைக்கு இதைக் கொண்டுபோனால் மனிசி என்னை வெளியாலை விட்டுக் கதவைச் சாத்திப்போடும்.”

“நல்லது மாஸ்டர். நீங்கள் வெளியாலை நிண்டால்தான் பூனை வரும்.”