சயான் ஸ்டேஷனில் காத்து நின்றவருக்கு

மாட்டுங்காவின் மாண்பே! மத்திய சர்க்காரின் செய்தித் தொடர்பு அலுவலகத்தில் கோப்பும் கடமையும் கண்ணிரண்டாய்க் கொண்டவரே! கொதிப்பு வந்தாலும் குரல் உயர்த்தாத குணக்குன்றே! தலைமை எழுத்தர் திரு. வானமாமலை அவர்களே!

உங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்க இப்படியே நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தோம். நேற்று எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு 'குன்றே' வந்துதோ, மாலையைக் கழட்டி வெச்சுட்டு ஆத்துக்குப் போயிண்டே இருப்பேன்" என்று மிரட்டிவிட்டீர்கள். சொன்னால் செய்கிற ஆள். ஆகவே உங்களை எதிரில் உட்கார்த்தி வைத்துக்கொண்டே, வானமாமலை என்று யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறோம். நெளியாமல் கேளுங்கள்.

தாராவியில் அப்துல் ரவூப் என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை நிருபர். கள்ளச்சாராயக் கும்பல் ஒன்று காய்ச்சுகிற இடம், கடத்துகிற வழி எல்லாவற்றையும் பெயரோடு எழுதினார். எழுதிய வாரமே சந்தையில் வைத்து அவர் தோளில் கத்தி இறங்கியது. தையல் போட்டுக்கொண்டு, ரகசியமாக வேறு சந்துக்குக் குடிமாறினார். பத்திரிகைக்காரர்கள் தாக்கப்படுவதை விசாரிக்கத் தில்லியிலிருந்து ஓர் அதிகாரி கோட்டைப் பகுதிக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. ரவூப் நேரில் சாட்சி சொன்னால்தான் வழக்கு நிற்கும். 'கோட்டைக்கு நீ பொணமாத்தான் போவே' என்று கும்பல் சொல்லியனுப்பியது. அவரை உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பது உங்கள் பொறுப்பு என்று தில்லியிலிருந்து நம் அலுவலகத்துக்குத் தந்தி வந்தது. அது வானமாமலையின் மேஜைக்கு வந்தது.

அவர் போலீசுக்கு எழுதினார். போலீசும் தாமதிக்காமல் ஒரு கான்ஸ்டபிளை அனுப்பியது. அவர் சட்டை மடிப்புக் கலையாமல், லத்தியும் கையுமாக, ரவூப் வீட்டு வாசலிலேயே போய் நின்றார். அதுதான் வினையாயிற்று.

ரவூப் அலுவலகத்துக்கு ஓடிவந்தார். "சார், மொதல்ல அந்தப் போலீஸ்காரரக் கூப்பிட்டுக்கிடுங்க! நான் எந்த வீட்ல இருக்கேன்னு தெரியாம அலைஞ்சவனுவளுக்கு இவரு கொடி நட்டுல்லா காட்டுதாரு! தெருக்காரங்க என்னையவே களவாணிங்காவ. எம் பெண்டாட்டி சைனப்புக்குக் கடையில சீனி தரமாட்டேங்கான்!"

வானமாமலைக்கு முகம் செத்துவிட்டது. தன் கையெழுத்தில் போன கடிதமல்லவா ஆளைக் காட்டிக் கொடுத்தது! "நான் கூட வரேன் ரவூப் பாய். விசாரணையன்னிக்குக் காலம்பற சயான்ல நில்லுங்கோ" என்றார்.

"நீங்க வந்து என்ன சார் செய்வீங்க?"

"தெரியலை. சர்க்கார் பாத்துக்கணும்னு தந்தி சொல்றது. நானும் சர்க்கார்தானே?"

கோட்டைப் பகுதிக்கு இறங்க வேண்டிய வி.டி. ஸ்டேஷனில் போலீஸ் காத்திருக்கும். அதுவரை ரயிலில் இவர்தான் காவல். மாட்டுங்காவில் ஏற வேண்டியவர் ஒரு ஸ்டேஷன் பின்னால் போய்ச் சயானில் நின்றார். ரவூப் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். இருவரும், ஆபீஸ் போகிறவர்கள் பாடிக்கொண்டே வரும் பஜனைப் பெட்டியில் ஏறினார்கள்.

அந்தப் பெட்டி நமக்குத் தெரியாததா? செம்பூர்க்காரர்கள் குர்லாவில் மாறி ஏறி முன்னாலேயே பாடத் தொடங்கியிருப்பார்கள். மிச்சக் கூட்டம் மாட்டுங்காவில் ஏறும். யார் புதிதாக ஏறினாலும் கையில் ஜால்ராவைக் கொடுத்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல விடமாட்டார்கள்.

மாட்டுங்காவில் கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு முரடர்கள் ஏறினார்கள். ஒருவன் சட்டைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவே இல்லை. ரவூப், வானமாமலையின் விரல்களைப் பிடித்து நசுக்கினார்.

"அவந்தான் சார். சந்தையில குத்துனவன்."

வண்டி கிளம்பிவிட்டது. கத்தினால் கூட்டம் சிதறும். சிதறினால் கத்தி வெளியே வரும். வானமாமலைக்கு அடிதடி தெரியாது, ஓடத் தெரியாது. அந்தப் பெட்டியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஜனை ஒன்றுதான். எழுந்தார். தன் ஜால்ராவை அந்த முரடனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பஜாவ் பாய், பஜாவ், தட்டு! இந்த டப்பாவுல யாரும் சும்மா நிக்கப்படாது!"

"ஏ புட்டே, ஹட்!" கிழவா, தள்ளிப் போ என்று உறுமினான் அவன்.

இவர் நகரவில்லை. சட்டைக்குள் இருந்த கையைப் பிடித்து வெளியே இழுத்து, ஜால்ராவைத் திணித்தார். "புது ஆள்! புது ஆள்!" என்று பெட்டியே ஆர்ப்பரித்தது. விஷயம் ஒன்றும் அறியாத செம்பூர்ப் பெரியவர்கள் இருவர், "தாளம் தப்பறதே, இப்படித் தட்டணும்" என்று ஆளுக்கொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். சுற்றிலும் நெரிசல். கூட வந்தவன் தாதரில் குதித்து ஓடினான். மற்றவன் வி.டி. வரைக்கும் தட்டினான், தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் நின்று வானமாமலை பாடினார். என்ன பாட்டு என்று இன்றுவரை அவருக்கு நினைவில்லை.

பிளாட்பாரத்தில் காத்திருந்த போலீஸ் அவனைக் கத்தியோடு இறக்கியது. ரவூப் சாட்சி சொன்னார். அன்று மதியம் டிபன் டப்பாவைத் திறந்த வானமாமலை, சாப்பிட முடியாமல் விசும்பி அழுதார். இதைச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. பிறகு தில்லியிலிருந்து உத்தரவு வந்தது: நிருபருக்குக் காவல் போகிறவர் சாதாரண உடையில் போகட்டும், வாசலில் நிற்காமல் கூடவே நடக்கட்டும்.

ஐயா, இனி நேராகவே பேசுகிறோம். போன வாரம் தாராவியில் நிருபர் மன்சூர் அலிக்கு மிரட்டல் வந்தது. காவல் வந்து சேரும்வரை அவரோடு நீங்கள்தான் ரயிலில் வருகிறீர்கள். நாளை முதல் நீங்கள் சர்க்கார் இல்லை. விழாவைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மன்சூரோட நாளைக்கு யார் போறா?" என்று மட்டும் கேட்டீர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன? எங்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் எழுந்து போனீர்கள். அதுதான் எங்களைத் தூங்கவிடவில்லை.

இதோ பதில். நாளைக் காலை மன்சூரோடு நம் அலுவலகத்துப் பூலோகம் போகிறார். மறுநாள் தளவாய். அதற்கடுத்த நாள், "ஆம்பளைகளுக்குத்தான் தாளம் தெரியுமோ?" என்று சண்டை போட்டுப் பெயர் கொடுத்திருக்கும் நாகலக்ஷ்மி அம்மாள்.

நீங்கள் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். விடிந்த பிறகும் நிம்மதியாகத் தூங்க வேண்டும். பழக்க தோஷத்தில் சயானுக்கு வந்துவிட்டீர்களானால் விரட்ட மாட்டோம். ஜால்ராவை வாங்கிக்கொண்டு நடுவில் நில்லுங்கள். இனி நாங்கள் சுற்றி நிற்கிறோம்.

பயத்தோடும் பாசத்தோடும்,
உங்கள் அலுவலகத் தோழர்கள்,
பம்பாய்.