பூட்டுக்குள்ளே லத்தீப் பாய்

— ஏம்மா சகாயசெல்வி, நீ கம்ப்யூட்டரையே மொறைச்சுக்கிட்டிருந்தா நான் எப்ப வெளிய வாரது?

— பாய், காத்து ஓட்டையில வாயை வச்சுக் கத்தாதீங்க. உங்களுக்கு இருக்கிற காத்தே அது ஒண்ணுதான்.

— சட்டையப் பிழிஞ்சா ஒரு வாளி வேர்வை வரும். லாக்கர் ரூமாம் லாக்கர் ரூம்! மனுசன் திரும்பி நிக்கத் தோதில்ல.

— மாதிரிக்குக் கட்டின ரூம்புல உங்கள யாரு நிக்கச் சொன்னா? "பூட்டு விழுகுற அழகை உள்ளருந்து பாக்குறேன்"னு கதவை அறைஞ்சது யாரு?

— கையில சாவி இருந்துச்சு தாயி. பாதி திரும்பி நின்னுக்கும்னு கனாவா கண்டேன்? நீ வெட்டின சாவி!

— நீங்க வெட்ட வச்ச சாவி. புது டிசைனுக்குப் புதுசா புரோகிராம் போடுறேன்னேன். "பழைய சாவி புரோகிராமை எடு, நம்பரை மாத்து, எல்லாம் அண்ணன் தம்பிதானே"ன்னீங்க.

— ஊரே அப்படித்தான் ஓட்டுது.

— ஊரு உள்ள மாட்டிக்கலையே. பழைய சாவிக்கு ஒரு பக்கம் பல்லு, இதுக்கு ரெண்டு பக்கம். நம்பரை மாத்தினா மறுபக்கம் தானா முளைக்குமா?

— சரி, புதுச் சாவிக்குப் படந்தான் ரெடியா இருக்கே, வெட்டித் தொலையேன்!

— மெஷினுக்குப் படம் தெரியாது பாய். எந்த கட்டர், எங்க இறங்கணும், எம்புட்டு ஆழம், எங்க தூக்கணும்னு வரி வரியா எழுதிக் குடுக்கணும்.

— சுருக்கி எழுது.

— சுருக்கினா கட்டர் ஒடியும். இருக்கிறதே ஒண்ணு. அடுத்தது கோயம்புத்தூர்லருந்து வரணும்.

— யா அல்லா! பூட்டுப் பாக்க வர்ற சோலைமுத்து, ஒட்டன்சத்திரம் தாண்டிட்டேன்னு அப்பவே போன் பண்ணினாரு.

— அப்ப வெல்டிங் கடையிலருந்து ஆளக் கூப்பிட்டுக் கதவை அறுக்கவா?

— வேணாம்! லத்தீப் பூட்டை அறுத்தாங்கன்னு பேராயிரும். செஞ்சவனே உள்ள கிடக்கான்னு அவரு பாத்தா, அவரோட நகைக்கடை ஆர்டர் அம்புட்டும் போச்சு. அப்புறம் பட்டறைக்கே பூட்டுப் போடணும். அதுக்கும் நம்ம பூட்டுத்தான்.

— அதான் முதல்ல காத்துல ஓட்டிப் பாக்குறேன். இரும்பைத் தொடாம மேலாக்க ஒரு ஓட்டம்.

— நான் காத்துக்குத் தவிக்கிறேன், நீ காத்தை வெட்டுறியா?

— சேசுவே! நல்லவேளை. கட்டர் நேரா சாவியப் பிடிச்சிருக்கிற கிளாம்புல போயி முட்டப் பாக்குது. மாத்தி எழுதுறேன், செத்த இருங்க.

— செல்வி... வெளிய சொல்லாதே. எனக்குப் பயமா இருக்கு. செவுரு நாலும் கிட்ட வர்ற மாதிரி இருக்கும்மா. கபர்க்குழியில எறக்கின மாதிரி.

— பேசிக்கிட்டே இருங்க பாய், நிறுத்தாதீங்க. இந்தா, இப்ப முட்டல. இனி பட்டனை அமுக்க வேண்டியதுதான்... பாய், வாசல்ல ஆளு.

— யாரு?

— நாந்தானுங்க, தொப்பம்பட்டி சோலைமுத்து. ஏனுங் பாய், உள்ளார என்ன பண்றீங்க?

— வாங்க, வாங்க! சும்மா... ஒரு சோதனை.

— கொஞ்ச நேரமா நின்னு எல்லாங் கேட்டுட்டேனுங்க. சாவியிலதானுங்களே தப்பு, பூட்டுல இல்லீங்களே?

— பூட்டு பத்தரை மாத்துங்க!

— அப்ப ஒண்ணு பண்ணலாமுங்க. எந்தப் பூட்டையும் தொறக்கற ஆசாரி ஒருத்தரைக் கையோட கூட்டியாந்திருக்கறேன். பொழுது சாயற வரைக்கும் அவரு மல்லுக்கட்டட்டும். தொறக்கலீன்னா, எல்லாக் கடைக்கும் உங்க பூட்டுத்தானுங்க.

— அண்ணே, முதல்ல பாய் வெளிய வரட்டும். அப்புறம் பூட்டிட்டுச் சோதிங்களேன்.

— வெளிய வந்து பூட்டிக் காட்டினா அது யாவாரமுங்க அம்மிணி. இப்பத் தெரியாம மாட்டிக்கிட்டாரே, இதுதானுங்க நெசம். சிரமமுன்னா விட்டுருங்க, நான் வேற கடை பாத்துக்கறேன்.

— பாய், பட்டன்ல விரலை வச்சுக்கிட்டு நிக்கிறேன். இந்தா அமுக்கினா சாவி வந்துரும். அமுக்கவா பாய்?

— விரலை எடு தாயி. ஆசாரிக்கு ஒரு டீ சொல்லு, நிதானமாப் பாக்கட்டும்.