காத்திருக்கச் சொல்லும் குரல்

ஆளில்லாத தலைவர் நாற்காலிக்கு முதல் வணக்கம்! தலைவர் காய்ச்சலில் போய்விட்டார். நாற்காலிக்கு மரியாதை குறையலாமா? எஞ்சியிருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களே, பின்வரிசைகளை நிறைத்திருக்கும் பேரமைதியே! வணங்குகிறேன்.

யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள் ஐயா, சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

கிணறுகள் வற்றிவிட்டன. நாளை விடிந்ததும் மலைப்பக்கம் நடக்கப் போகிறோம். எல்லோருமா? இல்லை. என் அத்தான் வரமாட்டார்.

என் அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். ஊரை வாரிக்கொண்டு போன காய்ச்சல் அவளையும் கொண்டுபோயிற்று. அவள் பதிந்து வைத்த குரலைக் கொண்டுபோகவில்லையே! நிலையக் கூரைமேல் சூரிய மின்தகட்டில் வெயில் பட்டதும் எந்திரம் விழிக்கிறது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! வண்டி தாமதமாக வரும். தயவுசெய்து காத்திருக்கவும்" என்கிறது. எந்தப் பயணி? எந்த வண்டி? தண்டவாளத்தில் இடுப்பளவு புல் நிற்கிறது!

இன்று காலை அத்தானை அழைக்க நிலையத்துக்குப் போனேன்.

"தண்ணி இல்லாத ஊர்ல என்ன பண்ணுவீங்க அத்தான்? கிளம்புங்க."

"உங்கக்கா காத்திருக்கச் சொல்றாளே மாப்ளே. அவ பேச்சை நான் என்னைக்குத் தட்டியிருக்கேன்?"

அழாதீர்கள் அம்மா. நானும் அழுதால் பேச்சு நின்றுவிடும்.

அண்ணாந்து பார்த்தேன். ஒரு கொடி படர்ந்து தகட்டில் பாதியை மூடியிருந்தது. குரல் "கனிவான" என்றதோடு விக்கி நின்றது. மிச்சத்தையும் இழுத்து மூடிவிட்டால் குரல் ஓயும், மனிதர் கிளம்புவார் என்று ஏணியில் ஏறினேன்.

"மூடாத மாப்ளே," என்றார் கீழிருந்து. "கேக்க ஒரு ஆள் இருக்கற வரைக்கும்தான் அது உங்கக்கா. அப்புறம் வெறும் சத்தம்."

இடுப்பிலிருந்த அரிவாளை உருவினேன். கொடியை வெட்டினேன். "கவனத்திற்கு" என்றாள் அக்கா. இறங்கி வந்து அரிவாளை அத்தான் கையில் கொடுத்தேன்.

கை ஓயும்வரை வெட்டுவார். பிறகு? கொடி ஏறும். குரல் கொஞ்ச நாள் இலைகளைக் காத்திருக்கச் சொல்லும். கட்டியது நாம், நட்டது நாம், கடைசியில் கழிந்துபோவதும் நாம்தானா? குரல் இருக்கிறது, கொடி இருக்கிறது, கேட்கக் காது எங்கே? எனக்கு நம்பிக்கை இல்லை, பெரியோர்களே. மலையிலும் தண்ணீர் இருக்குமென்று நான் நம்பவில்லை. நடக்கும்போது ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே நடங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

கேட்க ஆள் இருக்கும்போதே முடித்துக்கொள்கிறேன். நாளை நடக்கப் போகிறவர்களுக்கு நன்றி. காத்திருக்கப் போகிறவருக்கு என் வணக்கம்.