பெயர் பொறித்த மூடி

பின்பக்கம் கண்ணாடி மூடி போட்ட கைக்கடிகாரத்தை இப்படி வெறும் மேசையில் வைக்கக்கூடாது, ஐயா. அடிப்பக்கம் கீறல் விழுந்துவிடும். ஒரு கைக்குட்டையாவது விரித்து அதன்மேல் வையுங்கள். சரி, இனி நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை விசாரணைக்கு வந்த உங்கள் ஆட்கள் என் கடை மேசை லாச்சியிலிருந்து எடுத்தது இதைத்தான். அதன் மூடி என் கைவேலை. அதை நான் மறுக்கவில்லை. அது எப்படி என் லாச்சிக்குள் வந்தது என்பதையும் சொல்வேன். இடையிடையே நான் எழுந்து நின்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓரிடத்தில் உட்கார முடியாத கால்கள் எனக்கு. முன்பு இப்படி இல்லை, சில வருஷங்களாகத்தான்.

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸஹாப்தீன் கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். விலை கூடிய கடிகாரம் வைத்திருப்பவர்கள் கண்டியைத் தாண்டிக்கூட என்னிடம் வருவார்கள். நல்ல கடிகாரங்களின் பின்பக்கம் உருக்கு மூடியால் அடைத்தபடியே வரும். உள்ளே அத்தனை அழகான மெஷின் ஓடும். காசு கொடுத்தவன் சாகும்வரை அதைப் பார்க்கமாட்டான். எனக்கு அது பொறுக்காது. மூடிக் கிடக்கும் எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. கண்டியில் ஒரு கடைசல்காரனிடம் உருக்கு வளையம் கடைந்து எடுத்து, அதில் கண்ணாடி பதித்து, பழைய மூடி இருந்த இடத்தில் பூட்டிவிடுவேன். மாணிக்கக்கல் வியாபாரிகள், ஏலத்தோட்டக்காரர்கள், ஒரு வக்கீல் ஐயா, எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் யாராவது மணி கேட்டால் போதும், கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டுவார்கள். கேட்டவனுக்குக் கடைசிவரை மணி தெரியாது.

இதில் குறையும் உண்டு. வியர்வையும் தூசியும் சுலபமாக உள்ளே போகும். செய்த கம்பெனி இதை ஒப்பாது. ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பேன். தொழிலில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை, அதையும் எழுதுங்கள்.

கழற்றிய உருக்கு மூடி கடிகாரக்காரனுக்குச் சொந்தம். நாளைக்கு விற்கப் போனால் அது இல்லாமல் விலை போகாது. ஆனால் கொண்டுபோய் வீட்டில் தொலைப்பதைவிட இங்கேயே கிடக்கட்டும் என்று பலரும் விட்டுவிடுவார்கள். நானும் தாளில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். முகத்தில் ஒரு கடிகாரம் இன்னொன்றைப் போலவே இருக்கும். யாருடையது என்று சொல்வது பின்மூடிதான்; பெயர் வெட்டுவது அதில்தானே.

ஸக்கரியாவின் மூடியில் இரண்டு பெயர்கள் இருந்தன. அவன் இரத்தோட்டைப் பக்கம் மிளகும் கராம்பும் வாங்கி விற்றவன். பத்துக் கடை தாண்டிக் கேட்கும்படி சிரிப்பான். நிக்காஹ்வுக்கு மாமனார் கொடுத்த சுவிஸ் கடிகாரம் அது. மேலே அவன் பெயர், கீழே றாபியா என்று அவள் பெயர், இரண்டையும் வெட்டச் சொன்னது அவள்தான். வக்கீல் ஐயாவின் கடிகாரத்தைப் பார்த்த நாளிலிருந்து இவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தனக்கும் கண்ணாடி வேண்டுமென்று நின்றான். போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் இருவரும் பஸ்ஸுக்காக என் கடை வாங்கில் வந்து உட்கார்ந்தார்கள்.

"பாத்தீங்களா நானா, என்ட பேரக் கழட்டி உங்கட டின்னுக்குள்ள போட்டுட்டாரு. இனி அந்தச் சக்கரத்தத்தான் இவரு கட்டிக்கணும்" என்றாள் றாபியா.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுக்கு அது வலித்திருந்தது. எனக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. அவன் கடிகாரத்தை வெயிலுக்குப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு எண்பத்தொன்பது வந்தது. அந்த வருஷத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடையை மூடு என்று ஒரு பக்கம் கிளர்ச்சிக்காரர்கள் துண்டுக் கடதாசி ஒட்டுவார்கள், திற என்று மறுபக்கம் இராணுவம் ஜீப்பில் வரும். வீதியோரத்தில் ஆளோடு சேர்த்து டயர் எரிந்துகொண்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸக்கரியாவின் லொறியில் கிளர்ச்சிக்காரர் யாரோ ஏறிப் போனார்களாம். அதற்காக ஜீப்காரர்கள் அவனைக் கொண்டுபோனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டால் எல்லா முகாம் வாசலிலும் ஒரே பதில்தான், இங்கே இல்லை.

அன்றிலிருந்து றாபியா காலையில் என் கடை வாங்கில் வந்து உட்காருவாள். மடியில் சோற்றுப் பார்சல். ஒருநாள் நாவுலை பஸ், ஒருநாள் நாலந்தா பஸ்.

"இன்டைக்கு நாவுலப் பக்கம் பெய்த்துப் பாக்கப் போறன் நானா. அங்க ஈக்கிறாரு எண்டு மனசு செல்லுது" என்பாள்.

பின்னேரம் அதே பார்சலோடு திரும்பி வருவாள். நீங்களாவது சாப்பிடுங்கள் என்று ஒருநாள் சொன்னேன்.

"அவரு பசியோட ஈக்கக்குள்ள எனக்குத் தொண்டையால எறங்குமா, நானா?"

சொல்லிவிட்டுப் பார்சலைப் பிரித்து ஸ்டாண்டு நாய்க்கு வைத்தாள். போவதையும் பார்த்தேன், வருவதையும் பார்த்தேன். ஒரு மனுஷன் எப்போது வருவான் என்று இன்னொரு மனுஷி இப்படிக் காத்திருந்து நான் அதற்குமுன் கண்டதில்லை. நான் தனியாள். கடை பூட்டிக்கொண்டு எத்தனை மணிக்குப் போனாலும் ஏன் பிந்தியது என்று கேட்க ஆளில்லை. அதனால் எனக்கு இது புதிதாக இருந்திருக்கலாம். வர வர, காலையில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும்வரை எனக்கு வேலை ஓடாது. கேட்ட பிறகும் ஓடாது. வாங்கைப் பார்த்தபடி வேலை செய்து, வக்கீல் ஐயாவின் கடிகாரத்தில் முடி போன்ற சுருள்கம்பியை முறித்துவிட்டேன். எனக்கு எரிச்சலாக வந்தது. அவளுடைய வேதனைக்கு யாராவது ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று நினைத்தேன். வேறு யாரும் முன்வரவில்லை.

ஒரு கடையடைப்பு நாள். பலகைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு டின்னைத் திறந்து ஸக்கரியாவின் மூடியை எடுத்தேன். உருக்கைச் சுடுவது எங்கள் தொழிலில் உள்ளதுதான்; ஆணிகளுக்கு நீல நிறம் ஏற்ற அப்படிச் செய்வோம். ஸ்பிரிட் விளக்கின் மேல் குறட்டால் பிடித்தால் முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு மண் நிறம், பிறகு ஊதா, நீலம். அதையும் தாண்டிச் சாம்பல் நிறம் வரும்வரை பிடித்தேன். பெயர்கள் தெரியவும் வேண்டும், சுடுபட்டதாகவும் இருக்க வேண்டும். அவன் பெயர் இருந்த பக்கத்தை நெருப்புக்குக் காட்டினேன். அவள் பெயரில் அவ்வளவு சூடு படாமல் பார்த்துக்கொண்டேன். கடைசியில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கொளுத்தி அந்தப் புகையில் காட்டினேன். ரப்பர் மணம் இல்லாவிட்டால் நம்பமாட்டாள்.

மறுநாள் அவள் வந்தபோது வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து மூடியை அவள் கையில் வைத்தேன். நாலந்தாவுக்கு அப்பால் வீதியோரச் சாம்பலில் கிடந்ததாம், பழைய இரும்பு பொறுக்குகிறவன் ஒருவன் விற்கக் கொண்டுவந்தான் என்று சொன்னேன். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"இது உங்கட டின்னுக்குள்ள தானே நானா ஈந்த?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பிடித்துக்கொண்டு போவதற்கு முந்திய வாரம் ஸக்கரியா கடைக்கு வந்து, கண்ணாடி வேண்டாம், பழையதையே பூட்டு என்று சொல்லி மாற்றிக்கொண்டு போனான் என்றேன். உங்கள் பெயரைக் கழற்றியது உங்களுக்கு மனவருத்தம் என்று அவனுக்கு விளங்கியிருந்தது என்றும் சொன்னேன்.

அவள் அங்கேயே அழுதாள். அதுவரை ஒருநாளும் என் முன்னால் அழுததில்லை. "எனக்காகவா மாத்தினாரு? ஒரு வார்த்த எனக்குச் செல்லல்லயே" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மூடியைவிட அந்தப் பேச்சைத்தான் அவள் நம்பினாள். எவ்வளவு ஆறுதல் பாருங்கள். ஸக்கரியா உயிரோடிருந்த காலத்தில் ஒருநாளும் நினைத்துப் பார்க்காத ஒன்றை நான் அவனுக்காகச் செய்து கொடுத்தேன்.

அவள் இத்தா இருந்தாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், கணவன் இறந்து மௌத்தானால், நாலு மாதமும் பத்து நாளுமான அந்தத் தவணை முடியும்வரை மனைவி வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள். வாங்கு காலியாகக் கிடந்தது. நாவுலை பஸ் அவள் இல்லாமல் போனது. எந்த முகாம் வாசலிலும் அவள் போய் நிற்கவில்லை. மூடியைச் சுடும்போது நான் இத்தாவைப் பற்றி யோசிக்கவில்லை. இல்லை, அதை வெட்டிவிடுங்கள். யோசித்தேன்.

உங்களிடம் சாட்சி சொன்ன மாரிமுத்துவைப் பற்றிக் கேட்கிறீர்கள். வருகிறேன். இரத்தோட்டைத் தோட்டத்து ஆள். நாவுலைக்கு அப்பால் ஒரு பழைய நெல் களஞ்சியத்தில் அடைத்து வைத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். கங்காணியும் தோட்டத்துக் கிளார்க்கும் போய்க் கேட்டதால் விட்டுவிட்டார்கள். நேரே என் கடைக்கு வந்தார். தலைப்பாகைத் துணியை அவிழ்த்து இந்தக் கடிகாரத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"மொதலாளி, இத குடுத்தவரு உசுரோட இருக்காருங்க. சாரத்து மடிப்புல இத்தன நாளும் ஒளிச்சு வச்சிருந்தாரு. ஒங்ககிட்ட குடுத்தா கண்ணாடியப் பாத்ததுமே யாருதுன்னு தெரிஞ்சுக்குவீங்கன்னு சொன்னாரு. அவரு சம்சாரத்த பள்ளிவாசல் பெரியவங்களோட ஒடனே வரச் சொல்லுங்க. தேடி வாறவங்க ஆளுங்களத்தான் விடுறாங்க. யாரும் வராட்டி என்ன ஆகும்னு தெரியலைங்க."

சரி, சொல்லிவிடுகிறேன் என்றேன். அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன், பஸ்ஸிலும் ஏற்றிவிட்டேன். மரியாதைக் குறைவாக நான் நடந்துகொள்ளவில்லை. அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

எப்போது வந்தார் என்றுதானே கேட்கிறீர்கள். இத்தா தொடங்கிய பிறகு வந்தார் என்று நான் காலையில் சொன்னது சரியில்லை. அவர் உங்களுக்குச் சொன்னதே சரி. கடையடைப்புக்கு முந்தின நாள் வந்தார். நான் மூடியைச் சுட்டபோது இந்தக் கடிகாரம் விளக்குக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஸக்கரியா உயிரோடிருக்கிறான், எங்கே இருக்கிறான், என்ன செய்தால் வருவான், மூன்றும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சுட்டேன். எழுதிவிட்டீர்களா?

அவள் போயிருந்தாலும் விட்டிருப்பார்கள் என்று என்ன நிச்சயம்? அதையும் நான் யோசித்தேன். போய், இல்லையென்று சொல்லி, மறுபடி ஒரு முறை உடைந்து வருவதை அந்தப் பிள்ளை தாங்கியிருக்காது. கேட்டு ஆள் வராதவர்களையெல்லாம் ஒருநாள் லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள் என்று நீங்கள்தான் இன்று சொன்னீர்கள். அது இத்தா முடிவதற்கு முன்பே நடந்தது என்றும் சொன்னீர்கள். எனக்கு அது தெரியாது. நான் விசாரிக்கவில்லை.

கடிகாரத்துக்கு மட்டும் தினமும் சாவி கொடுத்தேன். ஓடாமல் கிடந்தால் எண்ணெய் இறுகிவிடும். லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் சக்கரம் ஆடுவது கண்ணாடி வழியே தெரியும். பயமாகத்தான் இருக்கும். சாவி கொடுக்காமல் விட்டுப் பார்ப்போம் என்று பலமுறை நினைத்தேன், கை கேட்கவில்லை. கால்களுக்கு இந்த வருத்தம் வந்ததும் அப்போதுதான்.

இத்தா முடிந்த பிறகு பள்ளிவாசல் ஆட்களே வந்து பேசினார்கள். ஆதரவில்லாத பெண், நீயும் தனியாள் என்றார்கள். நானாகக் கேட்கவில்லை. நிக்காஹ் முடிந்தும் நெடுநாள் அவள் வாய் தவறி, அண்ணனைக் கூப்பிடுவதுபோல, என்னை நானா என்றே கூப்பிட்டாள். அந்தச் சுட்ட மூடி இன்றும் அலுமாரியில் அவள் நல்ல புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. சில நாட்களில் எடுத்துத் துடைப்பாள்.

மணி என்ன என்று அந்தக் கடிகாரத்திலேயே பாருங்கள் ஐயா, அது பிந்தாது. இந்நேரம் நான் கடை பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நீங்கள் என்னைக் கூட்டி வந்ததை அவளுக்குச் சொல்லி அனுப்பக்கூட நேரம் கிடைக்கவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலில் நிற்பாள். நான் வராமல் ஒரு வாய் வைக்கமாட்டாள். அந்தப் பழைய தவிப்பெல்லாம் அவளுக்குத் தீர்ந்துவிட்டது, ஐயா. இப்போது அவள் காத்துக்கொண்டு நிற்பது எனக்காக மட்டும்தான்.