மோடம் காத்திருந்த சொல்

அழகர்கோவில் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒரே ஆபீஸ் போலிருக்கிறது.

"'சாப்டியா'ன்னு கேட்டாத்தான் நம்ம கம்ப்யூட்டர் கணக்கை அனுப்புமாமே?" என்றார் மூத்தவர்.

"ஆமாண்ணே," என்றார் இளையவர். "மோடம் போன்ல மெட்ராஸ் ஆபீஸைப் பிடிச்சதும், அங்கருந்து முருகேசன் இங்கிலீஷ் எழுத்துல அப்படித்தான் அடிப்பான். அது வந்தாத்தான் அடுத்த வேலைன்னு சி ப்ரோகிராம்ல நாந்தான் ஒரு வரி எழுதினேன். வெளாட்டா ஆரம்பிச்சது."

"அவன்தான் லாரியில அடிபட்டுப் போயிட்டானே மாப்ள. கணக்குப் போகலைன்னு மேனேஜர் கத்துறாரு. ஒரு வரிதானே, அழிச்சிரு."

"மனசு வரலண்ணே. மூஞ்சியைக்கூடப் பாத்ததில்ல. அம்புட்டுப் பழக்கமும் அந்த வொயர்லதான்."

"அப்ப அங்க வந்திருக்க புது ஆளை அடிக்கச் சொல்லு."

"சொன்னேன். காலையில அடிச்சாரு. கணக்கும் போயிருச்சு."

"பெறகென்ன?"

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஸ்கிரீன்ல அதே எழுத்துண்ணே. கணக்குப் போய் முடிஞ்சதும், எப்பயும் போல கை தன்னால 'ஆச்சுடா, நீ?'ன்னு அடிச்சிருச்சு. 'என்ன சார்?'னு பதில் வந்துச்சு. அப்பவே அந்த வரியை அழிச்சிட்டேன்."